எள்ளுத்தாத்தா பேர் என்ன சார்?

உங்கள் அப்பா பேர் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் இனிஷியல் போட முடியாது. தாத்தா பேரும் தெரியும். நம்மில் பாதிப் பேருக்கு அதுதான் சொந்தப் பேர். ‘பேரன்’ என்ற வார்த்தையே அப்படி வந்ததுதான். கொள்ளுத்தாத்தா பேர்? தலையைச் சொறிவீர்கள். எள்ளுத்தாத்தா? அவ்வளவுதான், ஆள் அவுட். (கொள்ளு, எள்ளு என்று நவதானியக் கடை மாதிரி உறவுக்கெல்லாம் பேர் வைத்தார்களே தவிர, ஆளின் பேரை ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை.)

போன வாரம் தி.நகரில் ஓர் ஆபீஸ் கேன்டீனில் ஏழு பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். கொள்ளுத்தாத்தா பேர் சொன்னவர்கள் மூன்று பேர். கொள்ளுப்பாட்டி பேர் சொன்னவர் ஒரே ஒருவர். அவரும் அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டார். எள்ளுத்தாத்தா லெவலில் எல்லோரும் பூஜ்யம். ஆனால் ஏழு பேருக்குமே ‘அபூர்வ ராகங்கள்’ வந்தது 1975 என்று தெரிந்திருந்தது!

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். நாம் நதியும் இல்லை, ரிஷியும் இல்லை. அதனால் தாராளமாகப் பார்க்கலாம். எதில் பார்ப்பது என்பதுதான் பிரச்னை. அமாவாசைத் தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பேர் சொல்வார்கள், அதோடு சரி. ஹரித்வாரில் பண்டாக்கள் நீள நீளமாக நோட்டு வைத்திருக்கிறார்கள். யாத்திரை வந்த குடும்பங்களின் வம்சாவளி தலைமுறை தலைமுறையாக அதில் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் உங்கள் பேர் அதில் இருக்க வேண்டுமானால் உங்கள் முன்னோர் ஹரித்வார் போயிருக்க வேண்டும். என் முன்னோர் திருத்தணியைத் தாண்டியதாகத் தகவல் இல்லை.

வெள்ளைக்காரனுக்கு இந்தக் கவலை குறைவு. “எங்கள் தாத்தாவின் தாத்தா மெட்ராஸில் சோல்ஜராக இருந்தாராம்” என்று லண்டனில் ஒருவர் கிளம்பினால், நேரே பிரிட்டிஷ் லைப்ரரிக்குப் போய்விடலாம். கம்பெனி காலத்திலிருந்து இங்கே சர்ச்சுகளில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக் கப்பலில் அனுப்பியிருக்கிறார்கள். ஹெட் ஆபீஸுக்கு நாம் அனுப்புகிற ஸ்டேட்மென்ட் மாதிரி. அதற்குப் பேரே ‘ரிடர்ன்’தான். இன்கம்டாக்ஸ்காரர்கள் கண்டுபிடித்த வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் கோட்டைக்குள் இருக்கிறதே செயின்ட் மேரீஸ் சர்ச், அதை 1680 அக்டோபர் 28ல் திறந்தார்கள். ஒரே வாரத்தில், நவம்பர் 4ல், ரிஜிஸ்டரில் முதல் கல்யாணம் ஏறிவிட்டது. மாப்பிள்ளை எலிஹு யேல். பின்னால் மெட்ராஸ் கவர்னரானவர், அமெரிக்காவில் யேல் யுனிவர்சிட்டிக்குப் பேர் கொடுத்தவர். மணமகள் கேத்தரின் ஹின்மர்ஸ், அதே வருஷம் விதவையானவர். ரிஜிஸ்டரில் இது ஒரு வரி. நாற்பது வருஷம் கழித்து லண்டனில் யேல் உயில் எழுத உட்கார்ந்தார். மனைவி விஷயம் வந்ததும் ‘என் பொல்லாத மனைவிக்கு’ என்று ஆரம்பித்து, தொகைக்கு இடத்தைக் காலியாக விட்டார். கையெழுத்தும் போடவில்லை. 1721ல் போய்ச் சேர்ந்துவிட்டார். உயில் செல்லாது. ஆனால் அந்த அம்மாளுக்குக் கிடைத்த பட்டம் மட்டும் முந்நூறு வருஷமாகச் செல்லுபடியாகிறது! அந்த அம்மாள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். மெட்ராஸில் ஐயா இன்னொரு பெண்மணியோடு தோட்ட பங்களாவில் குடித்தனம் வைத்திருந்தார். 1689ல் கேத்தரின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். இதில் யார் பொல்லாதவர் என்பதை கல்யாணமான வாசகர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

அதே 1689 ஆகஸ்டில், அதே சர்ச்சில், மேரி, எலிசபெத், கேத்தரின் என்று மூன்று பெண் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. அப்பா ஜாப் சார்னாக். அடுத்த வருஷம் கல்கத்தாவுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர். அம்மா ஓர் இந்தியப் பெண். உடன்கட்டை ஏறப் போனவளை சார்னாக் காப்பாற்றிக் கூட்டி வந்தார் என்று சினிமா மாதிரிக் கதையே உண்டு. கதை தங்கியிருக்கிறது. மூன்று பெண்களின் பேரும் தங்கியிருக்கிறது. பெற்றவளுக்கு அவளுடைய அம்மா வைத்த பேர் மட்டும் தங்கவில்லை.

இப்படிச் சர்ச்சில் ரிஜிஸ்டர் வைக்கும் பழக்கம் எப்படி வந்தது? இங்கிலாந்தில் 1538ல் தாமஸ் கிராம்வெல் என்ற மந்திரி, ஒவ்வொரு சர்ச்சிலும் நோட்டுப் போட்டு எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார். கத்தோலிக்கர்களுக்கு 1563ல் திரெந்து நகரில் கூடிய சபை, ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் எழுதியே ஆக வேண்டும் என்றது. மயிலாப்பூரில் பி.காம். படித்தவன் என்ற முறையில் இதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு. டபுள் என்ட்ரி புக்கீப்பிங்கை முதன்முதலில் அச்சுப் புத்தகத்தில் விளக்கி 1494ல் வெளியிட்ட லூக்கா பச்சோலியும் ஒரு சாமியார்தான். கத்தோலிக்க ரிஜிஸ்டரில் அந்த டபுள் என்ட்ரி வாசனை அடிக்கும். 1908க்கு அப்புறம் ஒருவருக்குக் கல்யாணம் எந்த ஊரில் நடந்தாலும், அங்கே உள்ள சாமியார் கல்யாண ரிஜிஸ்டரில் எழுதுவதோடு வேலை முடியாது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் ஆனதோ அந்தக் கோயிலுக்கும் தகவல் அனுப்ப வேண்டும். அங்கே பழைய நோட்டைத் திறந்து, குழந்தையாக இருந்தபோது எழுதிய வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், ‘இன்ன தேதி, இன்ன ஊரில், இன்னாரோடு கல்யாணம்’ என்று குறிப்பார்கள். லெட்ஜரில் ஃபோலியோ நம்பர் போடுகிறோமே, அதே வேலை. இந்த ஓரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

அடுத்து உயில். உயிலில் மனிதன் வாயைத் திறந்து பேசுவான். சைதாப்பேட்டைப் பாலத்தில் தினம் கிண்டிக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். அங்கே முதலில் 1726ல் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. பரங்கிமலைக்குப் படி போட்டவரும் அவர்தான். பாலம் இப்போது புதுசு, பேரும் மறைமலை அடிகள் பாலம். அவர் வைத்த கல்வெட்டு மட்டும் சைதாப்பேட்டைப் பக்கம் நிற்கிறது. 1751ல் காலமானார். உடம்பு வேப்பேரியில். இதயத்தை மட்டும் எடுத்து, அவர் விருப்பப்படியே பெர்சியாவில் சொந்த ஊரான ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள். வேலை பார்ப்பது ஓர் ஊர், மனசு இன்னோர் ஊர் என்று மேன்ஷனில் படுத்துப் புலம்புகிறோமே, இந்த மனுஷர் அதை நிறைவேற்றியே காட்டிவிட்டார்.

உயில் என்றால் நம் ஊரில் ராஜா, பச்சையப்ப முதலியார். 1794 மார்ச் 22ல் உயில் எழுதினார். ஒன்பதாம் நாள் திருவையாற்றில் காலமானார். வயசு நாற்பதுதான். சொத்தைத் தர்மத்துக்கு எழுதிவிட்டுப் போனால் சொந்தக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டா இருப்பார்கள்? கேஸ், கேஸ், கேஸ். எத்தனை வக்கீல் வீட்டு அடுப்பு அதில் எரிந்ததோ! மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட் அந்தத் தர்மப் பணத்துக்கு ஒரு வழி பண்ணியபோது வருஷம் 1832. அந்தப் பணத்தில் 1842ல் ஆரம்பித்த பள்ளிக்கூடம்தான் பின்னால் பச்சையப்பன் கல்லூரி.

இதில் என் கண்டுபிடிப்பு ஒன்று. சண்டை போட்ட குடும்பத்துக்குத்தான் சரித்திரம் மிஞ்சுகிறது. பச்சையப்பர் குடும்பம் அடித்துக்கொண்டதால் யார் மனைவி, யார் தத்து, யாருக்கு எவ்வளவு என்று எல்லாம் கோர்ட் பேப்பரில் ஏறிவிட்டது. உங்கள் எள்ளுத்தாத்தாவும் அவர் தம்பியும் ஒற்றுமையாக இருந்து தொலைத்ததால்தான் இன்று அவர்கள் பேர் உங்களுக்குத் தெரியவில்லை.

அதற்காக மனம் தளர வேண்டாம். கோர்ட்டுக்குப் போகாத குடும்பத்திலும் காகிதம் உண்டு. பழைய கல்யாணப் பத்திரிகையை எடுங்கள். ‘இன்ன ஊர் இன்னார் பேரனும், இன்னார் குமாரனுமாகிய’ என்று மூன்று தலைமுறையும் ஊரும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். கிரயப் பத்திரத்தில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ இருக்கும். கூடவே ‘இன்னார் மனைக்குக் கிழக்கு’ என்று பக்கத்து வீட்டு வம்சமும் இலவசம். மொய் நோட்டை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். யார் சம்பந்தி, யார் பங்காளி, யார் மாமன், எந்த வருஷம் யார் ஐந்து ரூபாயோடு நிறுத்திக்கொண்டார் என்று அதைவிடச் சுத்தமான கணக்கு எந்த ஆர்கைவ்ஸிலும் இல்லை.

சரி, ஓரத்துக்கு வருகிறேன். என் நண்பர் ஒருவருக்கு சாந்தோம் பக்கம் ஒரு சந்தில் பூர்வீக வீடு. கொள்ளுத்தாத்தா கட்டியது. இப்போது விற்கிறார்கள். நண்பர் குடியிருப்பது அடையாறில், மூன்றாவது மாடி பிளாட். வாங்குகிறவருடைய வக்கீல், மூல உயிலின் நகல் வேண்டும் என்றார். உடனே நண்பர் என்னைத் தேடி வந்தார். “நீ பி.காம். தானே, வா” என்றார். (பி.காம். படித்தவனுக்கு உயில், ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இருக்கட்டும்.)

அந்த நாள் சட்டப்படி மெட்ராஸ் டவுனுக்குள் சொத்து வைத்திருந்து உயில் எழுதினால், ஹைகோர்ட்டில் புரொபேட் வாங்கியே ஆக வேண்டும். குடும்பத்துக்கு அது செலவு. நமக்கு அது வரம். உயில் கோர்ட்டில் பத்திரமாக இருக்கும். இறந்தவர் பேரும் வருஷமும் தெரிந்தால் தேட முடியும். கொள்ளுத்தாத்தா இறந்தது 1938. மனு போட்டுக் காத்திருந்து நகல் வாங்கினோம். டைப் அடித்த இங்கிலீஷில் நாலு பக்கம். லஸ் கார்னரில் காபி குடித்துக்கொண்டே படித்தோம்.

வீடு மூன்று மகன்களுக்கும் சமமாக. சரி. பாத்திரம் பண்டம், சரி. மூன்றாவது பக்கத்தில் நண்பர் காபியைக் கீழே வைத்துவிட்டார். ‘என் மகள் எந்த நாள் திரும்பி வந்தாலும், வீட்டின் மேற்குப் பக்க அறையில் ஆயுள் உள்ளவரை அவள் இருக்கலாம். என் மகன்கள் அதைத் தடுக்கக் கூடாது.’

“மகளா? எங்க தாத்தா கூடப் பிறந்தவங்க மூணும் ஆம்பளைப் பசங்கப்பா!”

வக்கீலிடம் காட்டினோம். அவர் சிரித்தார். “அந்தம்மாவுக்கு இப்ப நூத்திப்பத்து வயசு தாண்டியிருக்கும். ரூமைக் கேட்டு வரப் போறதில்லை. ஆயுள் உரிமை ஆயுளோட போச்சு. விற்பனைக்கு ஒரு தடையும் இல்லை, விட்டுடுங்க” என்றார். சட்டப்படி சரி. ஆனால் நண்பருக்கு அன்று தூக்கம் போய்விட்டது. குடும்பத்தில் மூத்தவர் அவருடைய பெரியப்பா. எண்பத்து நாலு வயசு. போனில் கேட்டார். “அப்படி யாரும் கிடையாது. டைப் அடிச்சவன் தப்பு பண்ணியிருப்பான்” என்று வைத்துவிட்டார்.

டைப் அடித்தவன் தப்புப் பண்ணினால் எழுத்து மாறும். ஒரு மகளே முளைப்பாளா?

கோயிலில் ஞானஸ்நான ரிஜிஸ்டர் பார்க்கலாம் என்று போனோம். நாமே புரட்ட முடியாது. பேரும் உத்தேச வருஷமும் சொன்னால் ஆபீஸில் பார்த்துச் சொல்வார்கள். மூன்று பையன்களும் இருந்தார்கள். எல்லாம் லத்தீன். வீட்டில் சின்னப்பன் என்றால் ரிஜிஸ்டரில் பவுலுஸ். ராயப்பன் என்றால் பேத்ருஸ். அருளப்பன் யொவான்னெஸ். சூசை யோசேப்புஸ். இது தெரியாமல் போனால் சொந்தத் தாத்தாவையே அடையாளம் தெரியாமல் திரும்பி வந்துவிடுவோம். மகள் மட்டும் இல்லை.

அப்போது அங்கே இருந்த வயசான உபதேசியார் ஒரு கேள்வி கேட்டார். “மூத்த பெண்ணா இருந்தா? தலைப்பிரசவம் தாய் வீட்டுல இல்லையா ஆகும்? அவங்க அம்மா ஊர் எது?”

எம்.ஏ. ஹிஸ்டரிக்காரருக்குக்கூட இது தோன்றியிருக்குமா, சொல்லுங்கள்! கொள்ளுப்பாட்டியின் தாய்வீடு ராயபுரம் பக்கம். அந்தக் காலத்தில் ஒரே ஊருக்கு இரண்டு மறைமாவட்டம். மயிலாப்பூர் போர்த்துக்கீசியர் கை, மெட்ராஸ் தனி. இரண்டும் ஒன்றானது 1952ல்தான். அதனால் இந்தப் பக்கத்து நோட்டில் அந்தப் பக்கத்துக் குழந்தை இருக்காது.

வடக்கே போனோம். கிடைத்தது. 1908ல், பெண் குழந்தை. அப்பா அம்மா பேர் உயிலோடு பொருந்தியது. ஞானத்தாய், ஞானத்தகப்பன் எல்லாம் வரிசையாக. அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், வேறு மையில், வேறு கையெழுத்தில் நான்கே சொற்கள்: கல்யாணம், ரங்கூன், 1929, அப்புறம் மாப்பிள்ளை பேர். அந்தப் பேரைப் பார்த்ததும் வீட்டில் ஏன் அவளைப் பற்றிப் பேசாமல் விட்டார்கள் என்று நண்பருக்குப் புரிந்துவிட்டது. (பேர்கள் இங்கே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.) இருபத்தொரு வயசில் கடல் தாண்டிப் போய், பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். அப்பா வாயால் மன்னித்தாரோ என்னவோ. ஒன்பது வருஷம் கழித்து உயிலில் ஓர் அறையைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கில் நம்மவர்கள் கிளம்பினார்கள். பலர் நடந்தே வந்தார்கள், பலர் வழியிலேயே விழுந்தார்கள். அதற்கப்புறம் எழுத ஓரத்தில் இடம் இருந்தது. யாரும் எழுதவில்லை.

ரிஜிஸ்டரிலிருந்து கொடுத்த நகலைப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “மேற்கு ரூமை நாங்க ரங்கூன் ரூம்னுதான் சொல்லுவோம்” என்றார்.

“அது கதவு பர்மா தேக்குங்கறதாலதானே பெரியப்பா?” என்றார் நண்பர்.

“நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். அந்த வீட்டுல எல்லாக் கதவும் பர்மா தேக்குதான்டா.”

அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியம்மா மிக்ஸரும் காபியும் கொண்டு வந்து வைத்தார்கள். அந்த அறையில் வாடகைக்கு ஆள் வைக்கலாம் என்று எத்தனையோ தடவை பேச்சு வந்ததாம். ஒவ்வொரு தடவையும் நண்பருடைய தாத்தா வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். காரணம் கேட்டால் ‘ஒழுகும்’ என்பாராம். ஒழுகியதே இல்லையாம்.

கிரயம் முடிந்துவிட்டது. வம்சாவளிப் படத்தை நான்தான் வரைந்து கொடுத்தேன். மூன்று கட்டத்துக்கு முன்னால் நாலாவதாக ஒரு கட்டம், மூத்தவள் என்பதால் இடது ஓரத்தில். ரங்கூனில் உள்ள கோயிலுக்கு நண்பர் கடிதம் எழுதியிருக்கிறார், இன்னும் பதில் இல்லை. வாங்கியவர் வீட்டை இடிக்கப் போகிறார். மேற்கு அறைக் கதவை மட்டும் நண்பர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அடையாறு பிளாட்டுக்குக் கொண்டுபோகிறோம். அளந்து பார்த்தேன், லிஃப்டில் நுழையாது. மூன்று மாடியும் படிக்கட்டு வழியாகத்தான்.